சீனக்குடாவிலிருந்து பலாலிக்கு: வான்வழித் தூரமும் பயண நேரமும்

உவர்மலைவாசி எழுதியது:

அன்புடையீர், அடுத்த மாதம் என் அம்மாவைச் சென்னையில் வசிக்கும் அக்காவிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் தேய்மானம் காரணமாக நெடுநேரம் காலை மடக்கியபடி ஒரே இருக்கையில் இருக்க அவரால் இயலாது. கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா வரை சென்று விமானம் ஏறுவதைவிட யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போகும் சேவையைப் பிடிப்பதே நல்லது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனினும் திருகோணமலையிலிருந்து பலாலிக்குப் போய்ச் சேர்வதும் எங்களுக்குச் சிறிய காரியம் அன்று. ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக வீதியால் சென்றால் யாழ்ப்பாணம் ஏறத்தாழ 235 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. பேருந்தில் ஆறு மணித்தியாலம் வரை ஆகிறது. புகையிரதத்தை நம்பினால் கல்லோயா சந்தி வழியாகத் தென்மேற்கே மாகோ வரை போய், அங்கே வண்டி மாறி, மீண்டும் வடக்கே திரும்ப வேண்டும். அது அம்மாவுக்குச் சரிவராது.

எங்கள் உறவினரும் அயலவரும் சிலர் அதே நாட்களில் யாழ்ப்பாணம் போக இருப்பதால், எல்லோரும் சேர்ந்து திருகோணமலையின் விமான நிலையமான சீனக்குடாவிலிருந்து பலாலிக்கு ஒரு சிறிய விமானத்தை வாடகைக்கு அமர்த்தினால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. அதற்கு முன் தூரத்தையும் நேரத்தையும் அறிந்துகொள்ள இணையத்தில் தேடினேன். ஓர் இணையத்தளம் தூரம் 100 என்கிறது, இன்னொன்று 115 என்கிறது, மூன்றாவது 185 என்கிறது. நேரமும் அவ்வாறே: ஓரிடத்தில் 14 நிமிடம், மற்றோரிடத்தில் 44 நிமிடம், வேறோரிடத்தில் ஒரு மணித்தியாலம். இவற்றுள் எதை நம்புவது? வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்திலும் தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்திலும் இந்த நேரம் மாறுமா? வீட்டு வாசலிலிருந்து பலாலி வாசல் வரை எண்ணிப் பார்த்தால் விமானத்தில் உண்மையாகவே நேரம் மிஞ்சுமா? விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் எங்கள் குடும்பத்துக்குப் பேருதவியாக இருக்கும்.


தம்பலகாமம் ஆசிரியர் எழுதியது:

தாங்கள் கண்ட மூன்று தூரங்களும் ஒரே தூரம்தான். அலகு மட்டுமே வேறு. 100 என்பது கடல் மைல், 115 என்பது தரை மைல், 185 என்பது கிலோமீற்றர். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர் ஆகையால் 100 கடல் மைல் 185 கிலோமீற்றர் ஆகிறது. அலகைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் போடும் இணையத்தளங்கள் இப்படித்தான் வாசகரைத் தடுமாற வைக்கின்றன.

நீண்ட காலம் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தத் தூரத்தை எவரும் தாமே கணித்துப் பார்க்கலாம் என்பதையும் சொல்ல விரும்புகிறேன். சீனக்குடா ஓடுபாதை வடக்கு அகலக்கோடு 8 பாகை 32 கலையிலும் (கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு), கிழக்கு நெடுங்கோடு 81 பாகை 11 கலையிலும் அமைந்திருக்கிறது. பலாலி வடக்கு அகலக்கோடு 9 பாகை 47½ கலையிலும், கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 4 கலையிலும் இருக்கிறது. அகலக்கோட்டின் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைலுக்குச் சமம். ஆகவே பலாலி நமக்கு வடக்கே 75 கடல் மைல் அப்பால் இருக்கிறது என்பது கழித்தல் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. நெடுங்கோட்டு வித்தியாசம் 67 கலை. நெடுங்கோடுகள் முனைவுகளை நோக்கி நெருங்கிச் செல்வதால் நம் அகலக்கோட்டில் அதனை 0.987 ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கினால் பலாலி நமக்கு மேற்கே 66 கடல் மைல். இவ்விரண்டையும் பைதகரஸ் தேற்றத்தில் இட்டால் விடை 100 கடல் மைல் என்று மிக நெருங்கி வருகிறது. பூமியின் வளைவைக் கருத்திற்கொண்ட பெருவட்டத் தூரமும் இத்தகைய சிறிய இடைவெளியில் இதனோடு ஒத்துப்போகும். சென்னை, சிங்கப்பூர் போன்ற நெடுந்தூரங்களுக்குத்தான் அந்த நுணுக்கம் பொருட்படுத்தத் தக்கது.

அந்த நேர்கோடு எவ்வூர்களின் மேலாகப் போகிறது என்பதையும் வரைபடத்தில் இழுத்துப் பார்த்தேன். சீனக்குடாவிலிருந்து வடமேற்கே கிளம்பும் கோடு நிலாவெளியைக் கிழக்கே விட்டுவிட்டு, பதவியாவுக்கும் புல்மோட்டைக்கும் இடைப்பட்ட காட்டின் மேலாகச் சென்று, கொக்கிளாய்க் களப்புக்கு மேற்கே வன்னிக்குள் நுழைகிறது. ஒட்டுசுட்டான் ஏறத்தாழ அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. பின்னர் இரணைமடுக் குளத்தையும் கிளிநொச்சியையும் சற்று மேற்கே விட்டு, யாழ்ப்பாணக் கடல்நீரேரியைத் தாண்டி, தென்மராட்சியில் சாவகச்சேரிக்கு அண்மையாகப் பலாலியை அடைகிறது. வீதியோ வவுனியாவைத் தொடுவதற்காக முதலில் மேற்கே வளைந்து, அதன் பிறகு ஏ-9 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறுகிறது. கரையோரமாகச் செல்ல நினைப்பவரைக் கொக்கிளாய்க் களப்பு மறிக்கிறது. வீதித் தூரம் 235 கிலோமீற்றராக நீள்வதற்குக் காரணம் அதுவே. இருந்தும் இவ்விரண்டு தூரங்களுக்கும் இடையில் 50 கிலோமீற்றர் மட்டுமே வித்தியாசம் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். விமானம் மிச்சப்படுத்துவது தூரத்தில் அன்று, வேகத்தில். வேகத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள்.


வான்தடம் எழுதியது:

தூரத்தை ஆசிரியர் ஐயா ஐயமற விளக்கிவிட்டார். நான் விமானப் பயண ஒழுங்குகளைக் கவனிக்கும் பணியில் இருந்தவன் என்பதால் நேரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் அந்த 14 நிமிடமும் 44 நிமிடமும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். பல கணிப்புத் தளங்கள் தூரத்தை மணிக்கு 800 கிலோமீற்றர் என்ற பெரிய ஜெட் விமான வேகத்தால் வகுக்கின்றன. 185 கிலோமீற்றருக்கு அது 14 நிமிடம் ஆகிறது. அதன்மேல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என அரை மணித்தியாலத்தைக் கூட்டினால் 44 நிமிடம். இவ்விரண்டில் எதுவும் ஒரு விமானம் உண்மையில் இத்தடத்தில் பறந்த நேரம் அன்று. அந்த வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம் இவ்வளவு குறுகிய தடத்தில் தனது உயரத்தை எட்டுவதற்கு முன்னரே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும்.

தாங்கள் அமர்த்தக்கூடிய விமானம் பெரும்பாலும் செஸ்னா கரவன் வகையாகவே இருக்கும். சினமன் எயார் நிறுவனம் சீனக்குடாவுக்குக் கொண்டுவந்த ஒற்றை இயந்திர விமானங்கள் அவ்வகையைச் சேர்ந்தவையே. அது மணிக்கு ஏறத்தாழ 165 கடல் மைல் வேகத்தில் பயணிக்கும். அந்தக் கணக்கில் 100 கடல் மைலுக்கு 36 நிமிடம் போதும். ஆனால் மேலேறும்போது வேகம் அதைவிடக் குறைவு. புறப்பட்டபின் திரும்புவதற்கும், இறங்குமுன் ஓடுபாதையோடு நேராவதற்கும் சில நிமிடங்கள் வேண்டும். ஆகவே வானில் 45 நிமிடம் என்றும், ஓடுபாதைக்குச் செல்வதும் இறங்கியபின் தரிப்பிடத்துக்கு வருவதும் சேர்ந்து 50 முதல் 55 நிமிடம் என்றும் தாங்கள் நம்பிக்கையோடு வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல சான்று இருக்கிறது. திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் பலாலிக்கும் இடையிலான நேர்த்தூரம் 184 கிலோமீற்றர். சீனக்குடாவுக்கும் பலாலிக்கும் இடையிலான தூரத்தோடு ஒரு கிலோமீற்றர்தான் வித்தியாசம். பலாலியை நடுவில் வைத்து ஒரு வட்டம் கீறினால் நம் சீனக்குடாவும் திருச்சியும் அதே வட்டத்தின் மேல் வரும் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. அந்தத் தடத்தில் 2025 மார்ச் மாத இறுதியில் இண்டிகோ நிறுவனம் ஏ.ரி.ஆர். 72 விமானத்தைக் கொண்டு சேவையைத் தொடங்கியபோது, அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கியது. ஏ.ரி.ஆர். விமானம் மணிக்கு 270 கடல் மைல் வேகத்தில் பறக்கக்கூடியது. வேகத்தை மட்டும் பார்த்தால் 22 நிமிடத்தில் அத்தூரத்தைக் கடந்துவிட வேண்டும். அப்படியிருந்தும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கப்படுகிறது என்றால், குறுகிய தடங்களில் நேரத்தைத் தீர்மானிப்பது பறக்கும் வேகம் அன்று, இரு முனைகளிலும் செலவாகும் நேரமே என்பது தெளிவாகிறது. தாங்கள் கண்ட மூன்று நேரங்களுள் ஒரு மணித்தியாலம் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

அடுத்தது காற்று. தங்கள் வினாக்களில் நான் மிகவும் விரும்பியது இதுதான், ஏனெனில் பெரும்பாலானோர் இதைக் கேட்பதே இல்லை. சீனக்குடா ஓடுபாதை 06/24 என்று எண்ணிடப்பட்டது. அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் ஒரு முனை 060 பாகையை, வடகிழக்கை ஒட்டிய திசையை நோக்குகிறது, மறு முனை 240 பாகையை, தென்மேற்கை ஒட்டிய திசையை நோக்குகிறது. பலாலி ஓடுபாதை 05/23. அதுவும் கிட்டத்தட்ட அதே கிடை. இரண்டும் பிரித்தானியர் காலத்தில் அமைக்கப்பட்டவை. நம் நாட்டின் இரு பருவக்காற்றுகளும் வீசும் திசையில்தான் இரண்டும் கிடக்கின்றன. விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் வேண்டும். ஆகவே வாடைக் காலத்தில் 06 முனையும், கச்சான் வீசும் மாதங்களில் 24 முனையும் பயன்படுகின்றன.

இப்போது பயணத் தடத்தைப் பாருங்கள். சீனக்குடாவிலிருந்து பலாலி 319 பாகையில், ஏறத்தாழ வடமேற்கில் இருக்கிறது. அந்தத் தடம் இரு ஓடுபாதைகளுக்கும் ஏறக்குறைய செங்குத்தானது. எனவே எந்தப் பருவத்தில் புறப்பட்டாலும் விமானம் முதலில் ஒரு பெரிய திருப்பம் எடுத்தாக வேண்டும். வாடைக் காலத்தில் அது துறைமுகத்தின் உள்நீரைக் கடந்து நகரின் திசையில் எழும்பி, பின் இடப்பக்கமாக 100 பாகை அளவுக்குத் திரும்பும். கச்சான் காலத்தில் தம்பலகாமத்து வயல்வெளிப் பக்கமாக எழும்பி, வலப்பக்கம் 80 பாகை அளவுக்குத் திரும்பும். பலாலியிலும் அவ்வாறே: வாடைக் காலத்தில் வலிகாமத்தின் மேலாகச் சென்று வலப்பக்கம் திரும்பி இறங்கும்; மற்றக் காலத்தில் வடக்கே கடலோரம் வரை போய் இடப்பக்கம் திரும்பி இறங்கும். தங்கள் அம்மா சன்னலோர இருக்கையில் இருந்தால் இந்தத் திருப்பங்களின்போது விமானம் சரிவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஓடுபாதைக்குச் செங்குத்து என்றால் காற்றுக்கும் செங்குத்துத்தானே. அதனால் பருவக்காற்று இத்தடத்தில் விமானத்தைப் பின்னிருந்து தள்ளுவதும் இல்லை, முன்னிருந்து தடுப்பதும் இல்லை, பக்கவாட்டிலேயே வீசுகிறது. மணிக்கு 25 கடல் மைல் வேகத்தில் பக்கக்காற்று வீசினால், விமானி மூக்கை 9 பாகை அளவு காற்றின் பக்கம் திருப்பி வைத்துப் பறப்பார். இழக்கும் நேரம் அரை நிமிடம்கூட இராது. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை, தரையில் தென்மேற்காக வீசும் காற்று ஐயாயிரம் அடி உயரத்தில் சற்று மேற்குப் பக்கம் திரும்பிவிடும். அந்த மாதங்களில் பலாலிக்குப் போகும்போது இரண்டு மூன்று நிமிடம் கூடும், திரும்பி வரும்போது அதே அளவு குறையும்.

இதைக் கட்டுநாயக்காவிலிருந்து சீனக்குடாவுக்கு வரும் தடத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்றாக விளங்கும். அத்தூரம் 112 கடல் மைல், அதாவது 207 கிலோமீற்றர். திசையோ அப்படியே வடகிழக்கு, பருவக்காற்றின் நேர்கோடு. அதே கரவன், அதே 25 கடல் மைல் காற்று என்று வைத்துக்கொண்டால், தென்மேற்குப் பருவத்தில் திருகோணமலைக்கு வர 35 நிமிடமும், திரும்பிப் போக 48 நிமிடமும் ஆகும். தூரம் கொஞ்சம்தான் கூடுதல் என்றாலும் அத்தடத்தில் பருவத்துக்கேற்ப கால் மணித்தியாலம் வரை மாறுகிறது. பலாலித் தடம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிந்துவிடுகிறது.

காற்றைவிட நான் எச்சரிக்க விரும்புவது மழையையும் இடியையும்தான். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை நம் கரையில் மழை தாழ்ந்த முகிலோடு வந்து நிற்கும். சிறிய விமானங்கள் பார்வைத் தூரத்தை நம்பிப் பறப்பவை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமுகில்கள் வன்னிக் காட்டின் மேல் எழும்பும். பயணம் அம்மாதங்களில் அமைந்தால் காலை வேளையைத் தேர்ந்தெடுங்கள், சென்னை விமானத்துக்கு ஒரு நாள் முன்னரே யாழ்ப்பாணம் போய்ச் சேருங்கள்.


ஒட்டுசுட்டான் மகள் எழுதியது:

எங்கள் ஊரின் மேலாகத்தான் அந்தக் கோடு போகிறது என்பதை ஆசிரியர் ஐயாவின் பதிலில் படித்து மகிழ்ந்தேன். வீதிப் பயணத்தைப் பற்றி மட்டும் ஓரிரு வார்த்தைகள் சொல்கிறேன், ஏனென்றால் என் மாமியாரைத் திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வாகனத்தில் அழைத்துச் சென்ற அனுபவம் எனக்கு உண்டு.

பேருந்துக்கு ஆறு மணித்தியாலம் என்றாலும், தனி வாகனத்தில் அதிகாலையில் கிளம்பினால் ஐந்து மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் முழங்கால் நீட்டி இருக்க முடியும். வவுனியாவில் ஒரு முறையும் கிளிநொச்சியில் ஒரு முறையும் இறங்கி நடக்க வைக்கலாம். விமானத்தில் 50 நிமிடம்தான் என்றாலும், சிறிய விமானத்தின் இருக்கைகளுக்கு இடையிலான இடைவெளி குறைவு, ஏறும் படியும் செங்குத்தாக இருக்கும். மூட்டுவலி உள்ளவருக்குப் படியேறுவதும் நெடுநேரம் இருப்பதும் இரண்டுமே துன்பம்தான். தங்கள் அம்மாவுக்கு எது கூடுதலான துன்பம் என்பதை அவரிடமே கேட்டு முடிவெடுங்கள்.


உவர்மலைவாசி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் கேட்டேன். படி ஏற யாராவது கை கொடுத்தால் போதும், ஐந்து மணித்தியாலம் வாகனத்தில் குலுங்குவதுதான் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகவே விமானத்தைப் பற்றித் தீர விசாரிக்க விரும்புகிறேன். வாடகை எதை வைத்துக் கணிக்கப்படுகிறது? 100 கடல் மைலுக்கு மட்டும்தான் கேட்பார்களா? பலாலி வழியாகச் சுற்றிச் செல்வதால் சென்னைக்கான மொத்தத் தூரம் வீணாகக் கூடுகிறதா என்றும் அறிய விரும்புகிறேன்.


வான்தடம் எழுதியது:

இரண்டாவது வினாவுக்கு விடை மகிழ்ச்சியானது என்பதால் அதை முதலில் சொல்கிறேன். சீனக்குடாவிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் 505 கிலோமீற்றர். சீனக்குடாவிலிருந்து பலாலிக்கு 185, பலாலியிலிருந்து சென்னைக்கு 354, ஆக மொத்தம் 539. பலாலியில் இறங்கி ஏறுவதால் கூடுவது 34 கிலோமீற்றர் மட்டுமே. கட்டுநாயக்கா வழியாகச் சென்றாலோ முதலில் தெற்கு நோக்கி 207, பின்னர் அங்கிருந்து வடக்கே 644, மொத்தம் 851 கிலோமீற்றர் ஆகிறது. கிழக்குக் கரையில் வாழும் நமக்குத் தமிழகம் போகப் பலாலிதான் இயல்பான வாசல். 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டபோதுகூட இடையில் காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில், இறங்கித்தான் சென்றது. நடுவே பல பத்தாண்டுகள் மூடிக்கிடந்த அந்த வான்வாசல் 2019 ஒக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. அந்த வாசலுக்கும் திருகோணமலைக்கும் இடையில் ஒழுங்கான சேவை ஒன்று அமைய வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். 100 கடல் மைல் தூரம் அதற்குத் தடையாக இருக்கக் கூடாது.

வாடகை விடயம் அவ்வளவு மகிழ்ச்சியானது அன்று. வாடகை விமானத்துக்குக் கட்டணம் அது பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்தது. தாங்கள் அதில் இருக்கும் நேரத்தை மட்டும் பொறுத்தது அன்று. விமானம் கட்டுநாயக்காவில் தரித்து நிற்பதாக வைத்துக்கொண்டால், முதலில் வெறுமையாகச் சீனக்குடாவுக்கு 112 கடல் மைல் வர வேண்டும். பின்னர் தங்களை ஏற்றிக்கொண்டு பலாலிக்கு 100 கடல் மைல். அங்கிருந்து மீண்டும் வெறுமையாகக் கட்டுநாயக்காவுக்கு 156 கடல் மைல். ஆக 368 கடல் மைல் பறப்புக்கும் கணக்குப் போடுவார்கள். அதில் தங்களுக்குப் பயன்படுவது நான்கில் ஒரு பங்கைவிடச் சிறிது கூட. இது எவருடைய பேராசையும் அன்று, எரிபொருளும் விமானியின் நேரமும் உண்மையாகவே செலவாகின்றன.

இதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளை இறக்கிவிட்டுச் சீனக்குடாவில் நிற்கும் விமானம் ஏதேனும் அன்றைய தினம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் முதல் 112 கடல் மைல் வேறொருவரின் கணக்கில் போய்விடும். பாசிக்குடா, நிலாவெளிக் கடற்கரைகளுக்குப் பயணிகள் வரும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் இப்படிக் கிடைக்கும் வாய்ப்பு மற்றக் காலத்தைவிட அதிகம். பலாலியிலிருந்து தெற்கே போக விரும்பும் குழு ஒன்று கிடைத்தால் மூன்றாவது பகுதியும் பகிரப்படும்.


தம்பலகாமம் ஆசிரியர் எழுதியது:

வாசலிலிருந்து வாசல் வரை எவ்வளவு நேரம் என்ற தங்கள் முதல் வினா விடையின்றி நிற்கிறது. அதைக் கூட்டிப் பார்ப்போம். உவர்மலையிலிருந்து சீனக்குடா நேர்கோட்டில் 7 கிலோமீற்றர் அளவுதான். எனினும் வீதி துறைமுகத்தைச் சுற்றிச் செல்வதால் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். அந்நிலையம் விமானப்படைத் தளத்தினுள் இருக்கிறது. வாயிலில் அடையாளம் காட்டுவதற்கும் பொதிகளை நிறுப்பதற்கும் ஒரு மணித்தியாலம் வேண்டும். பறப்புக்கு 50 முதல் 55 நிமிடம். ஆகமொத்தம் இரண்டரை மணித்தியாலத்தில் தாங்கள் பலாலித் தரிப்பிடத்தில் நிற்கலாம். வாகனத்தில் ஐந்து மணித்தியாலம் என்பதால் மிஞ்சுவது பாதி நேரம். அன்றே சென்னை விமானம் ஏறுவதானால், பலாலியில் சர்வதேசப் பயணிகள் முன்னதாகவே வந்து பதிய வேண்டிய நேரத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முன்னரே சென்று யாழ்ப்பாண நகரில் தங்குவதானால், பலாலியிலிருந்து நகருக்கு ஏறத்தாழ 18 கிலோமீற்றர் என்பதை மறக்க வேண்டாம்.


வான்தடம் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் கணக்கு சரியானது. அதனோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வாடகைக்கு விசாரிக்கும்போது, பயணிகள் ஒவ்வொருவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், உடல் நிறை, பொதியின் நிறை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தளத்தினுள் செல்லும் அனுமதிக்குப் பெயர்ப்பட்டியல் தேவை. நிறை தெரிந்தால்தான் யாரை எந்த இருக்கையில் அமர்த்துவது என்று விமானி தீர்மானிக்க முடியும். அந்தத் தாளிலேயே அம்மாவின் முழங்கால் வருத்தத்தையும் குறிப்பிட்டு, கதவுக்கு அருகான இருக்கையும் படியில் உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும் என்று கேளுங்கள். சென்னைக்குக் கொண்டு செல்லும் பெரிய பொதி இருந்தால் அதை வாகனத்தில் யாழ்ப்பாணம் வரும் உறவினர் எவரிடமாவது கொடுத்து அனுப்புவது நல்லது, ஏனெனில் சிறிய விமானத்தில் ஆட்கள் நிறைந்தபின் பொதிக்கு மிஞ்சும் நிறை மிகவும் குறைவு.